வன்னியில் வருடக் கல்: 2010க்கு முந்தினது ஒன்று காட்டுங்கள் பார்ப்போம்

கேள்வி (வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்)
2024 பெப்ரவரி 4

யாழ்ப்பாணக் கோட்டை வாசலில் 1680 என்று வெட்டியிருக்கிறது. காலிக் கோட்டையின் பழைய வாசலில் 1669. வன்னியில் அப்படி ஏதாவது உண்டா? கிளிநொச்சி, பரந்தன், மாங்குளம், புதுக்குடியிருப்பு எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டேன். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் 2011, 2012, 2013, கூடவே ஒரு அமைச்சரின் பெயர். 2010க்கு முந்தின திகதி போட்ட எதுவும் இங்கே இல்லை என்று அடித்துச் சொல்கிறேன். இருந்தால் காட்டுங்கள்.

பெப்ரவரி 4, இரவு

இருக்கிறது தம்பி. வாசலுக்கு மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரிந்தால் கிடைக்காது. வன்னியில் எத்தனை வாசல் மிஞ்சியது? குனிந்து பாருங்கள். மிச்சம் நாளைக்கு, ஃபோனில் சார்ஜ் இல்லை.

பெப்ரவரி 5

முதலில் கிளிநொச்சி. அது பழைய நகரமே இல்லை. யாழ்ப்பாணத்தில் காணியும் வேலையும் இல்லாதவர்களைக் கொண்டுவந்து குடியேற்றி 1936இல் உண்டாக்கிய ஊர். ரயில் அதற்கு முந்தியே வந்துவிட்டது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை பாதை முழுசாகத் திறந்தது 1905 ஓகஸ்டில். இரணைமடுக் குளத்து வேலை 1902இல் தொடங்கி 1920 அளவில் முடிந்தது. குளத்துக்கும் தண்டவாளத்துக்கும் வயது கூட, ஊருக்குக் குறைவு. ஆகவே கிளிநொச்சிக் கடைத்தெருவில் நின்றுகொண்டு 1680 தேடுவது நியாயமில்லை.

அப்புறம், இருந்த கொஞ்சமும் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். முல்லைத்தீவுக் கரையில் மிஞ்சியிருந்ததை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது. மற்றதைச் சண்டை கொண்டுபோனது.

நான் நீர்ப்பாசன வேலையில் டி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) ஆக இருந்து ஓய்வு பெற்றவன். குளக்கட்டில் நடந்தே காலம் போனது. அதனால் எனக்குக் கண் போவது துருசுச் சுவர் (குளத்து மடைச் சுவர்), வான் சுவர் (மிஞ்சின தண்ணீர் வழியும் இடம்), மதவு (வீதிக்கு அடியில் தண்ணீர் போகும் வழி), கிணறு இவற்றில்தான். துருசில் வேலை முடிகிற அன்று மேசன் ஈரச் சீமெந்தில் வருடத்தைக் கீறிவிட்டுப் போவான். யாரும் சொல்லிச் செய்வதில்லை, கேட்டால் சிரிப்பான். சில இடத்தில் அவனுடைய பெயரின் முதலெழுத்தும் இருக்கும். அந்தச் சுவரைத் திறந்துவைக்க யாரும் வரவில்லை, றிபன் வெட்டவில்லை. அதனால்தான் அந்தத் திகதியை நான் நம்புகிறேன்.

ஒன்று மட்டும் கவனம். ஏ-9 வீதி மதவுகளில் 183/2 மாதிரி எழுதியிருப்பது வருடமும் இல்லை, மாதமும் இல்லை. தூரமும் மதவின் இலக்கமும். போன வருடம் ஒருவர் படம் எடுத்து அனுப்பி "கி.பி. 183 ஆக இருக்குமா ஐயா" என்று கேட்டார். நல்ல பிள்ளை, பெயர் சொல்ல மாட்டேன்.

பெப்ரவரி 5, பின்னேரம்

கிணறு என்று மேலே போகிறபோக்கில் எழுதிவிட்டேன். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னியில் வருடம் எழுதிய பொருட்களில் கிணறுதான் முதலாவது என்பது என் எண்ணம்.

வீடு ஷெல்லில் போகும், கூரை காற்றில் போகும், கதவு நிலை யாருடையதோ அடுப்பில் போகும். கிணற்றை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. மீள்குடியேற்றத்தில் திரும்பி வந்தபோது எங்கள் பக்கத்தில் பலர் தங்கள் காணியைக் கண்டுபிடித்தது கிணற்றை வைத்துத்தான். வேலி இல்லை, ஒழுங்கை இல்லை, எல்லாம் பற்றைக்காடு. எங்கள் வளவில் நின்றது கிணறும் ஒரு முருங்கையும். கட்டின் உள்பக்கம், வாளி உரசாத இடத்தில், அப்பா ஆணியால் கீறிய 1971 அப்படியே இருந்தது. அதைக் காட்டித்தான் பக்கத்துக் காணிக்காரரோடு எல்லைப் பேச்சை முடித்தோம். காணி உறுதி எரிந்துவிட்டது, சீமெந்து பேசியது.

ஆனால் அந்த 1971 கிணறு வெட்டிய வருடம் இல்லை, கட்டுப் பூசிய வருடம். வெட்டினது அதற்கு நாலைந்து வருடம் முன்னாடி. வெறும் குழியாக, சுற்றி மரக்குற்றி போட்டு இறைத்துக்கொண்டிருந்தார்கள். காசு வந்ததும் கட்டு வந்தது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல்தான் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மூட்டை மூட்டையாகச் சீமெந்து கண்ணில் பட்டது. ஆகவே கட்டில் 1958 என்று கண்டால் "கிணறு 1958" என்று எழுதிவிடாதீர்கள். "1958இல் கட்டு வைத்தார்கள்" என்று எழுதுங்கள். அந்த வருடம் வீட்டில் நல்ல விளைச்சல் என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது அதே கிணறுகளில் வெளிப்பக்கம் இன்னொரு திகதி இருக்கும். 2010, 2011இல் இறைத்துத் துப்பரவு செய்துகொடுத்த நிறுவனங்கள் தங்கள் சின்னத்தையும் வருடத்தையும் ஸ்டென்சில் வைத்து அடித்தன. கேள்வி கேட்டவர் கண்ணில் பட்டது அதுதான் என்று நினைக்கிறேன். தம்பி, அடுத்த முறை எட்டி உள்ளே பாருங்கள். கட்டைப் பிடித்துக்கொண்டு.

பெப்ரவரி 7

"சீமெந்தில் ஆணி கீறியதெல்லாம் கல்வெட்டா?" என்று ஒருவர் கேட்கிறார். சரி, கல்லிலே வெட்டியது வேண்டுமென்றால் ஒட்டுசுட்டான் பக்கம், கற்சிலைமடுவுக்குப் போங்கள். வெள்ளைக்காரரை எதிர்த்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனைப் பற்றி வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் வெட்டிய கல். வாசகம் இவ்வளவுதான்: இந்த இடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்டோபர் 1803.

இந்தக் கல்லை எல்லாரும் படம் எடுக்கிறார்கள், நிதானமாக வாசிப்பவர் குறைவு. "அண்மையில்" என்கிறது, "இங்கே" என்று சொல்லவில்லை. வைத்தவருக்கே சரியான இடம் தெரியாது. சண்டை நடந்த கையோடு வைத்திருந்தால் அப்படி எழுத வேண்டி வராது. ஆக கல்லில் இருப்பது சண்டையின் திகதி, கல்லின் திகதி இல்லை. இரண்டையும் ஒன்றாக்கி "1803ஆம் ஆண்டுக் கல்" என்று எழுதுகிறார்கள், அது சரியில்லை.

அடுத்தது, தோற்கடித்தார் என்றுதான் இருக்கிறது. கொன்றார் என்று இல்லை. ஆனாலும் ஒக்டோபர் 31 அவர் இறந்த நாள் என்று மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். எழுதினது எதிரி, கொன்றிருந்தால் அதைச் சொல்லாமல் விட்டிருப்பானா? அதே வருடம் ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தாரே, அதற்கு வெள்ளைக்காரன் கல் வைக்கவில்லை. அந்த நாளை நினைவில் வைத்திருப்பது நம்முடைய ஆட்கள். அந்தக் கோட்டையும் இப்போது இல்லை.

பெப்ரவரி 8

கிளிநொச்சிக்காரர் ஒருவருக்குக் கோபம். "எங்களை வன்னியில் சேர்க்கிறீர்களா, யாழ்ப்பாணத்தில் சேர்க்கிறீர்களா" என்கிறார். ஐயா, வோட்டுப் போடும்போது நீங்கள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. வெள்ளம் வரும்போதும் வறட்சி வரும்போதும் நீங்கள் வன்னி. இந்த இழையில் வன்னிதான்.

பெப்ரவரி 11

மேலே உள்ள கேள்விக்குச் சரியான பதில் இதுதான் என்று இன்று காலை தோன்றியது. திகதியே இல்லாத கல்லுக்கும் திகதி உண்டு. வருடம் உடைந்துபோயிருந்தாலும் மிச்ச வாசகம் காட்டிக்கொடுத்துவிடும்.

எப்படியென்றால், முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். அதுவரை அந்த நிலத்தின் பெரும்பகுதி வவுனியாவோடு இருந்தது, கொஞ்சம் மன்னாரோடும் யாழ்ப்பாணத்தோடும். கிளிநொச்சி யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது 1984இல். இப்போதைய கிளிநொச்சிக்குள் நிற்கிற ஒரு மண்டபத்தின் கல்லில் "யாழ்ப்பாண மாவட்டம்" என்று இருந்தால், வருடத்தைத் தேட வேண்டாம், 1984க்கு முந்தினது. கேள்வி கேட்டவர் 2010 என்றாரே, அங்கேயே முடிந்தது அவருடைய பந்தயம்.

"வடக்கு கிழக்கு மாகாணம்" என்று இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பக்கமும் அடைபட்ட காலம் அது. 1988இல் இணைத்தார்கள், 2006இல் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்றது, 2007 ஜனவரி 1இலிருந்து வடக்கு வேறு, கிழக்கு வேறு. ஆகவே அந்தப் பெயர் உள்ள கல் அந்தப் பதினெட்டுப் பத்தொன்பது வருடத்துக்குள் வைத்தது. நான் பார்த்த ஒரு பாடசாலைக் கட்டடத்தில் வருடம் இருந்த மூலையை ஒரு ஷெல் துண்டு கொத்திக்கொண்டு போயிருந்தது. மாவட்டமும் மாகாணமும் மட்டும் மிச்சம். அது போதும்.

பிரதேச சபை என்ற பெயர் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. அதற்கு முந்தின கற்களில் கிராம சபை. பிரதேச செயலாளர் என்ற பதவி 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில். அதற்கு முந்தி உதவி அரசாங்க அதிபர். ஆங்கிலக் கல்லில் "சிலோன்" என்று கண்டால் 1972 மே மாதத்துக்கு முந்தினது என்று எடுக்கலாம். தமிழில் எப்போதும் இலங்கைதான் என்பதால் அந்த வழி தமிழ்க் கல்லுக்கு உதவாது.

பெப்ரவரி 11, இரவு

படுத்த பிறகு ஒரு யோசனை. மேலே சொன்னதைக் கத்தி மாதிரிப் பிடிக்க வேண்டாம். அலுவலகத்தில் பெயர் மாறினாலும் கல் வெட்டுகிறவனுக்குப் பழைய துண்டைக் கொடுத்து "இதையே பார்த்து வெட்டு" என்று சொல்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. என் காலத்தில் ஒரு அலுவலகத்தில் பழைய பெயர் போட்ட கடிதத்தாள் தீர்கிற வரைக்கும் அதில்தான் கடிதம் போனது. ஒரு வருடம் இரண்டு வருடம் முன்பின் விட்டுக் கணக்குப் பாருங்கள்.

பெப்ரவரி 12

எழுத்தின் வடிவத்தை யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன், ஒருவரும் சொல்லவில்லை. பழைய முறையில் ல, ள, ண, ன நாலுக்கும் ஐகாரம் ஏறினால் முன்னால் இரட்டைச் சுழி வராது, எழுத்தின் தலையிலேயே துதிக்கை போல ஒரு வளைவு ஏறும். ணா, றா, னா மூன்றுக்கும் பின்னால் அரவு வராது, கால் கீழே மடிந்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டு அரசு 1978இல் இவற்றை மாற்றி ஆணை போட்டது. இங்கே உடனே மாறவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது, அதிலும் கையால் எழுதுகிற வயதானவர்கள் மாறவே இல்லை. நான் இப்போதும் அப்படித்தான் கையெழுத்து வைக்கிறேன்.

வன்னிக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. முல்லைத்தீவு, இரணைமடு, ஆனையிறவு, மன்னார் என்று நம்முடைய ஊர்ப் பெயர்களிலேயே அந்த எழுத்துகள் இருக்கின்றன. ஊர்ப் பெயர் இல்லாத கல் கிடையாது. முதலில் அந்த ஒரு எழுத்தைப் பாருங்கள். பழைய வடிவம் என்றால் பெரும்பாலும் 1980களுக்கு முந்தினது. புது வடிவம் என்றால் எதுவும் உறுதியில்லை, ஏனென்றால் பழைய கல்லை எடுத்துவிட்டுப் புதுக் கல்லில் பழைய வருடத்தை வெட்டி வைப்பதும் நடக்கிறது. "ஸ்தாபிதம் 1924" என்று கறுப்பு கிரனைட்டில் கணினி எழுத்தில் இருந்தால் கல்லுக்கு வயது பத்துக்கு மேல் இருக்காது.

பெப்ரவரி 12, பின்னேரம்

எழுத்தை வைத்துக் காலம் சொல்வது சந்தேகமான வேலை என்கிறார் ஒருவர். வவுனியா பெரியபுளியங்குளத்துக் குகைகளில் உள்ள பிராமிக் கல்வெட்டுகளுக்கு அப்படித்தானே காலம் சொன்னார்கள்? அவற்றில் வருடம் இல்லை, அரசன் ஆண்டும் இல்லை. "தமிழ் வணிகன், குடும்பத் தலைவன் விசாகனின் குகை" என்ற அளவில் முடிகிறது. எழுத்தின் வளைவைப் பார்த்துத்தான் கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகள் என்றார்கள்.

2010க்கு முந்தினது கேட்டீர்கள் அல்லவா தம்பி? இரண்டாயிரம் வருடம் முந்தினது. அதுவும் உங்கள் வவுனியாவில். கட்டடம் இல்லையே என்று சொல்லாதீர்கள். தாழ்வாரத்தில் தண்ணீர் உள்ளே வராமல் பாறையில் விளிம்பு வெட்டியிருக்கிறார்கள், அதற்குக் கீழே பெயர். பெயர்ப்பலகை போட்ட வீடுதான்.

பெப்ரவரி 18

ஒரு கிழமை எழுத முடியவில்லை, நெல் வெட்டு நடக்கிறது. இன்று தண்டவாளம்.

யாழ்ப்பாண ரயில் 1990 ஜூனில் நின்றது. அதற்குப் பிறகு வவுனியாவுக்கு வடக்கே தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும் தரையில் கிடக்கவில்லை, பங்கர்களுக்குக் கூரையாகப் போயின. 2009க்குப் பிறகு அந்த பங்கர்களிலிருந்து வெளியே வந்து மாட்டுக்கொட்டிலுக்கு மரமாகவும் கேற்றுக்குத் தூணாகவும் கிடுகுக் கொட்டிலுக்கு முகட்டு வளையாகவும் நிற்கின்றன. அந்தத் தண்டவாளத்தின் இடுப்பைப் பாருங்கள். உருக்கை உருட்டும்போதே புடைத்து வந்த எழுத்து இருக்கும்: ஆலையின் பெயர், வருடம், ஒரு யாருக்கு எத்தனை இறாத்தல் என்ற எடை. சிலவற்றில் வருடத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கோடுகள் நிற்கும், மாதத்துக்கு ஒன்று என்று எண்ண வேண்டும். துருப்பிடித்தாலும் போகாது, ஏனென்றால் வெட்டியது இல்லை, உடம்போடு வந்தது.

இதில் ஒரு சிக்கல். தண்டவாளத்தில் 1903 என்று இருந்தால் அந்த மாட்டுக்கொட்டில் 1903 ஆகிவிடாது. அது இங்கிலாந்தில் உருண்ட வருடம். கப்பலில் வந்து, பாதையில் கிடந்து, பங்கரில் கிடந்து, இப்போது மாட்டுக்கு நிழல் கொடுக்கிறது. எந்த ஒரு பொருளுக்கும் நம்முடைய ஊரில் இவ்வளவு வேலை அனுபவம் கிடையாது.

படம் அனுப்புகிறவர்கள் வீட்டு இலக்கமும் ஆள் முகமும் தெரியாமல் எடுங்கள். சட்டப்படி அது அரசாங்கச் சொத்து.

புது ரயில் நிலையங்களில் திறப்பு விழாக் கல் இருக்கிறது. ஓமந்தைக்கு 2011இல், கிளிநொச்சிக்கு 2013 செப்டெம்பர் 14, யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபர் 13 என்று ரயில் துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. இந்தியக் கடனில் செய்த வேலை. அந்தக் கற்களை மட்டும் வாசித்துக்கொண்டு போகிற ஒருவர் வன்னிக்கு ரயில் வந்ததே 2011இல்தான் என்று நினைத்துவிடுவார். 1905இல் வந்த ரயிலைப் பற்றி மாட்டுக்கொட்டில்தான் சொல்கிறது.

பெப்ரவரி 19

"அப்படியென்றால் யாரும் திறந்துவைக்காத திகதியெல்லாம் உண்மை, திறந்துவைத்ததெல்லாம் பொய் என்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார் முல்லைத்தீவு ஆசிரியர். நல்ல இடத்தில் பிடித்தார். அப்படி எளிதாக இல்லை. உதாரணத்துக்குக் கூரை ஓடுகளைப் பாருங்கள்.

பழைய வீடுகளில் இருந்த கலிகட் ஓட்டின் அடிப்பக்கம் முத்திரை இருக்கும். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனின் ஓடு என்றால் 1865 என்று போட்டிருக்கும். கண்டவர்கள் எல்லாம் துள்ளிக் குதிப்பார்கள், பாட்டனார் வீடு 1865 என்று. அந்த மிஷன்காரர்கள் மங்களூரில் தங்கள் முதல் ஓட்டு ஆலையைத் தொடங்கிய வருடம் அது. வியாபார முத்திரை. நாற்பது வருடம் கழித்துச் சுட்ட ஓட்டிலும் அதே 1865தான். யாரும் றிபன் வெட்டாத திகதி, இருந்தும் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

ஆனால் அதே ஓட்டில் கம்பனிப் பெயர் உதவும். முதல் உலகப் போரில் ஆங்கிலேயர் அந்த ஆலைகளைக் கைப்பற்றினார்கள், பிறகு கொமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயரில் நடந்தன. அந்தப் பெயர் உள்ள ஓடு போருக்குப் பிந்தினது. ஓட்டுக்கும் கல்லுக்கும் ஒரே பாடம்: எண்ணை விட்டுவிட்டுப் பெயரைப் பாருங்கள்.

பெப்ரவரி 25

கோயில் கல் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கோயிலில் பெரும்பாலும் எண் இருக்காது, வருடப் பெயர்தான். ஒரு தம்பி தங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் படியில் "நள வருடம் ஆனி மாதம்" என்று இருக்கிறது, என்ன வருடம் என்கிறார்.

அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். பிரபவ 1867, 1927, 1987 என்று வைத்துக்கொண்டு எண்ணினால் நள என்பது 1916 அல்லது 1976. ஆனி என்பதால் ஜூன், ஜூலை. தை, மாசி, பங்குனி என்று இருந்திருந்தால் ஆங்கில வருடத்தில் ஒன்றைக் கூட்ட வேண்டும். இரண்டில் எது என்று படியின் சீமெந்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். 1916இல் வன்னிக் கிராமத்துப் பிள்ளையாருக்கு வார்ப்புச் சீமெந்துப் படி கிடைத்திருக்காது. 1976இல் திருக்கேதீச்சரத்துக் கும்பாபிஷேகமும் நடந்தது. அந்த வருடம் சுற்று வட்டாரத்தில் வேறு கோயில்களிலும் திருப்பணி ஆசை பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். (இது என் ஊகம்தான், கோயில் தர்மகர்த்தாவோடு சண்டைக்குப் போகாதீர்கள்.) திருக்கேதீச்சரத்தின் அண்மைக் கும்பாபிஷேகம் 2022இல், சுபகிருது. அந்தப் பெயரை மட்டும் வெட்டி வைத்தால் பேரப்பிள்ளைகள் 1902ஆ, 1962ஆ, 2022ஆ என்று தலையைச் சொறிவார்கள்.

வருடப் பெயர் எண்ணத் தெரியாதவர்கள் வீட்டில் கிடக்கிற 31ஆம் நாள் மலரை (இறந்தவர் நினைவாக அச்சடிக்கிற புத்தகம்) எடுங்கள். திதி வெண்பாவில் வருடப் பெயர், மாதம், பட்சம், திதி எல்லாம் இருக்கும். பக்கத்திலேயே ஆங்கிலத் திகதியும் இருக்கும். அதை நங்கூரமாக வைத்து முன்னும் பின்னும் எண்ணலாம்.

மாதத்திலும் ஒரு குழி இருக்கிறது. நம்முடைய பக்கத்தில் ஆங்கில மாதத்துக்கே தமிழ்ப் பெயர் போட்டு எழுதுகிற வழக்கம் உண்டு. நவம்பர் 27ஐக் கார்த்திகை 27 என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆகவே ஒரு கல்லில் "மாசி 10" என்று இருந்தால் அது பெப்ரவரி 10ஆக இருக்கலாம், பஞ்சாங்கப்படி பெப்ரவரி 22 அளவிலும் இருக்கலாம். கிழமையும் போட்டிருந்தால் பிழைத்தோம். இரண்டு நாளையும் பழைய நாட்காட்டியில் பார்த்து எந்த நாளுக்கு அந்தக் கிழமை பொருந்துகிறது என்று முடிவு செய்யலாம். வாசிகசாலைக் கற்களில் இந்தக் குழப்பம் அதிகம், கோயிலில் குறைவு. ஐயர் பஞ்சாங்கத்தை விட்டு இறங்க மாட்டார்.

மார்ச் 3

மடு மாதா கோயிலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே என்று ஒரு அம்மா குறைபட்டிருக்கிறார். அம்மா சொல்வது சரி. இப்போதைய பெரிய கோயிலை 1872இல் ஆயர் பொஞ்ஜோன் தொடங்கினார். மாதாவுக்கு முடி சூட்டியது 1924 ஜூலை 2. கோயிலை அபிஷேகம் செய்தது 1944இல். இதில் எதைக் கோயிலின் வருடம் என்பீர்கள்? நான் மூன்றையும் எழுதுவேன். மன்னார்க் கோட்டையும் அப்படித்தான். போர்த்துக்கேயர் 1560இல் கட்டினார்கள், ஒல்லாந்தர் 1658இல் பிடித்து 1696இல் திருத்திக் கட்டினார்கள், 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கோட்டைக்குப் போட்ட கல் திருக்கேதீச்சரத்தை இடித்து எடுத்த கல் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அப்படியானால் கல்லுக்குக் கோட்டையைவிட வயது கூட.

மார்ச் 4

அடிக்கல் மட்டும் நிற்கிறது, கட்டடத்தைக் காணவில்லை, அதையும் கணக்கில் எடுக்கலாமா என்று கேட்டு ஒருவர் படம் போட்டிருக்கிறார். எடுக்கலாம். வன்னியில் அதற்கென்று தனி இழை தொடங்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரே வளவில் இரண்டு அடிக்கல் நிற்கிறது, இரண்டு வேறு ஆட்சி. ஒன்றில் ஆடு கட்டுகிறார்கள்.

மார்ச் 10

திறப்பு விழாக் கற்களை இவ்வளவு கேலி செய்த பிறகு இதையும் எழுத வேண்டும்.

1990களிலிருந்து 2008 வரைக்கும் வன்னியில் கட்டிய கட்டடங்களுக்கும் திறப்புக் கல் இருந்தது. வைத்தியசாலை, நூலகம், படிப்பகம், சந்தை. யார் திறந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 2009க்குப் பிறகு அந்தக் கற்கள் போய்விட்டன. மாவீரர் துயிலும் இல்லங்களை இயந்திரம் வைத்து இடித்தார்கள். உடைந்த பெயர்க் கற்களைப் பின்னர் சனங்கள் பொறுக்கிக் குவித்து வைத்தார்கள். அந்தப் பதினெட்டு வருடத்தைப் பற்றி இன்று சுவரில் வாசிக்க எதுவும் இல்லை. கேள்வி கேட்டவருக்கு 2010க்கு முந்தினது கண்ணில் படாததற்கு இதுவும் ஒரு காரணம், நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது.

ஆகவே ஒரு அமைச்சர் பெயர் போட்ட 2012ஆம் ஆண்டுக் கல்லைக் கண்டாலும் படம் எடுத்து வையுங்கள். எனக்கு அந்தப் பெயரில் விருப்பம் இல்லைதான். அடுத்த ஆட்சி வந்தால் அதுவும் கழற்றப்படும். இந்திய உதவியில் வீட்டுக்கு 550,000 ரூபா கொடுத்துக் கட்டிய வீடுகளில் இப்போதே முன்பக்கத்து அடையாளங்களை மேலே பூசி மறைத்துவிட்டு மாபிள் ஒட்டுகிறார்கள். அது அவர்கள் வீடு, அவர்கள் உரிமை. ஆனால் பூசுவதற்கு முதல் ஒரு படம்.

இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1895இல் வன்னி மாவட்டங்களுக்குக் கையேடு எழுதிய ஜே. பி. லூயிஸ்தான் 1913இல் இலங்கை முழுவதும் உள்ள கல்லறை, நினைவுச் சின்ன வாசகங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். அதில் உள்ள கற்கள் பல இன்று இல்லை, வாசகம் இருக்கிறது. அவர் வெள்ளைக்காரர் கல்லைத்தான் அதிகம் பார்த்தார். கிணற்றுக்குள் அவர் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

மார்ச் 17

கேள்வி கேட்ட வவுனியாத் தம்பி ஒரு படம் அனுப்பியிருக்கிறார். நெடுங்கேணிப் பக்கம், சின்னக் குளம், துருசுச் சுவர். "19" தெரிகிறது, அதற்குப் பிறகு பாசி. எழுத்துக்குள் வெள்ளைப் பெயின்ற் நிரப்பிவிட்டுப் படம் எடுக்கட்டுமா என்கிறார்.

வேண்டாம். சோக்கும் வேண்டாம், கம்பித் தூரிகை அறவே வேண்டாம். நிரப்புகிறபோது 3ஐ நீங்கள் 8 ஆக்கிவிடுவீர்கள், பிறகு வருகிறவனுக்கு 8தான். தண்ணீர் ஊற்றித் தும்புத்தடியால் மெல்லத் தட்டிப் பாசியை எடுங்கள். மத்தியான வெயிலில் எழுத்துத் தெரியாது; காலையில் வெயில் சுவரைச் சரிவாகத் தொடும்போது போங்கள், அல்லது இருட்டின பிறகு ரோச்சைச் சுவரோடு சுவராக, பக்கத்திலிருந்து அடியுங்கள். நாலு பக்கமும் மாற்றி மாற்றி அடித்து நாலு படம் எடுங்கள். ஒன்றில் தெரியாத கீறல் இன்னொன்றில் நிழலாக விழும். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்தால் அளவும் தெரியும். குளத்தின் பெயரையும் கமக்கார அமைப்பின் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.

பார்த்த அளவில் மூன்றாவது எண் 5 போலத் தெரிகிறது. ஆனால் 6 என்றும் வாசிக்கலாம். தெளிவான படம் வரும்வரை நான் எதுவும் சொல்வதாயில்லை. இருட்டினால் யானை வரும் இடம் அது, ரோச் அடிக்கப் போவதென்றால் ஊர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.